எத்தனை சண்டை, கண்ணு?

வியாழக்கிழமைதோறும் ஓர் இணைய இதழுக்கு எழுதுகிறேன். மறுநாள் தியேட்டருக்கு வரப்போகும் சண்டைப் படங்கள் எவை, ட்ரெய்லரை வைத்துப் பார்த்தால் எது தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே சொல்லும் பகுதி அது. படத்தைப் பார்க்காமலே படத்தைப் பற்றி எழுத ஒருத்திக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் கணவர் இன்னும் நம்பவில்லை. அந்தப் பகுதியில் நான் விடாமல் சேர்க்கும் ஒரு வரி உண்டு. ட்ரெய்லரில் எத்தனை சண்டை தெரிகிறது என்ற எண்ணிக்கை. அதில் இதுவரை ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இதையெல்லாமா உட்கார்ந்து எண்ணுவது என்று ஆசிரியர் சிரிப்பார். எண்ணித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

அப்போது கரடியூரில் எங்கள் தெருவுக்கு செல்போன் கோபுரத்தின் கருணை எட்டவில்லை. சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே, பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்குத்தான் போக வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் அங்கே நின்று கீழே தெரியும் ஊர்களைப் படம் பிடிப்பார்கள். நாங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்கி சிக்னல் பிடிப்போம். ஏற்காட்டுக்கும் எங்கள் ஊருக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் தன் போனை என்னிடம் கொடுப்பார். இரண்டு நிமிட ட்ரெய்லர் இறங்க இருபது நிமிடம் ஆகும். கதாநாயகன் கையை ஓங்கியதும் படம் அப்படியே நின்றுவிடும். அடி விழுவதற்குள் ஒரு ஆரஞ்சைத் தோலுரித்துத் தின்று முடித்துவிடலாம். அதனால் எந்தச் சண்டையும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

பார்த்துவிட்டு நேராகப் பெரியம்மா வீட்டுக் களத்துக்கு ஓடுவேன். பெரியம்மா, அம்மாவின் அக்கா. காப்பி அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்து காய்ந்த கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் நின்று வரப்போகும் படங்களை நடித்துக் காட்டுவேன். துப்பாக்கிச் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம், வில்லன் மாடியிலிருந்து விழும் சத்தம் எல்லாம் என் வாயிலிருந்தே வரும். ட்ரெய்லரில் இல்லாத கதையையும் நானே சேர்த்துக்கொள்வேன். பிறகு படம் பார்த்துவிட்டு வந்து, நீ சொன்னதே இதைவிட நல்லா இருந்துச்சு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தலைகால் புரியாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஜீப் மலையிறங்கிச் சேலத்துக்கு மதியக் காட்சிக்குப் போகும். மாதத்துக்கு ஒரு ஜீப், ஒரு படம். எந்தப் படம் என்பது என் வாயைப் பொறுத்தது. ஆனால் கடைசி முடிவு பெரியம்மாவுடையது, அவள் கேட்பதோ ஒரே கேள்வி.

"எத்தன சண்ட கண்ணு?"

எதில் அதிகமோ அந்தப் படம். கோழி அறுக்கும்போது கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிறவள் பெரியம்மா. யாராவது பாம்பை அடிக்கப் போனால்கூட, போவுது உடுங்க என்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஏன் இப்படி ஒரு ரத்தவெறி என்று நான் யோசித்ததில்லை. என்னைப் போல அவளுக்கும் சண்டை பிடிக்கும், என் இனம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெரியம்மாவுக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. சேலத்தில் படிக்கப் போன இடத்தில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பெரியப்பா அவளை வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் காரணம் காதல் படங்கள்தான் என்று அவரே விசாரித்து அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் காதல் படத்துக்குத் தடை.

"அடிதடின்னாப் போயிட்டு வாங்க. காதல் கீதல்னா ஊட்டு வாசலத் தாண்டக் கூடாது" என்பது அவர் சட்டம்.

வியாழக்கிழமைகளில் களத்தின் ஓரத்தில் சாக்கைத் தைப்பதுபோல் உட்கார்ந்து நான் சொல்லும் கதையை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் ஒரு தணிக்கைக் குழு என்றால் எங்கள் களத்துக்குத் தனியாக ஒன்று இருந்தது. அதில் அவர் ஒருவரே உறுப்பினர்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே தாயும் மகளும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அக்காவே சொல்லித்தான் பல வருடம் கழித்து எனக்குத் தெரியும். வீட்டிலிருந்த ஒரே போன் பெரியப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் யார் கூப்பிட்டாலும் அவர்தான் எடுப்பார். அதனால் போனே தேவைப்படாத ஒரு ஏற்பாடு. முதல் ஞாயிறு, மதியக் காட்சி, அந்த வாரம் எதில் சண்டை அதிகமோ அந்தப் படம். அம்மாவை அதற்குத்தான் அனுப்புவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். விளக்கு அணைந்த பிறகு அக்கா வந்து பெரியம்மாவின் பக்கத்துச் சீட்டில் உட்காருவாள். திரையில் அடிதடி நடக்கும்போது, அந்தச் சத்தத்தில், இருவரும் பேசிக்கொள்வார்கள். நீளமான சண்டை என்றால் நிறையப் பேசலாம். படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா எழுந்து போய்விடுவாள். கூட வந்த பெண்களுக்கெல்லாம் இது தெரியும். முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு விசிலடித்த எனக்கும் மாமாவுக்கும்தான் தெரியாது. என்னிடம் மறைத்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் வாய் அப்படி.

அந்த மாதம் அக்காவுக்கு ஏழாவது மாதம். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் தாய்வீட்டார் ஐந்து வகைச் சோறு ஆக்கி எடுத்துப்போய் மகளுக்கு ஊட்டிவிடுவார்கள். கட்டுச்சோறு என்று பெயர். தாய் கையால் அந்தச் சோறு தின்ற பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சிக்கு மனசு அடங்கும் என்பார்கள். எட்டாம் மாதத்தில் அதைச் செய்வதில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெரியம்மாவுக்கு இருந்தது.

எனக்கு வேறு கவலை இருந்தது. என் வகுப்பில் ஒருத்தி சேலத்தில் புதிதாகத் திறந்த தியேட்டருக்குப் போய் வந்திருந்தாள். அங்கே படிக்கட்டு தானாகவே ஓடுமாம். நாம் ஏறாமலே அது நம்மை ஏற்றி மாடியில் விட்டுவிடுமாம். வகுப்பில் யாரும் அவளைத் தவிர வேறு யாரிடமும் பேசவில்லை. பாறை மேல் நின்று நின்று சம்பாதித்த என் புகழ் ஒரே நாளில் போய்விட்டது.

அந்த வாரம் இரண்டு படம் வந்தது. ஒன்று, நாங்கள் வழக்கமாகப் போகும் பழைய தியேட்டரில். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன், கையில் இரும்புக் கம்பி. ஏழு சண்டை. நானே எண்ணினேன். இன்னொன்று, படிக்கட்டு ஓடும் தியேட்டரில். குடைக்குள் ஒருவனும் ஒருத்தியும் நடந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் யாரோ யாரையோ ஓர் அறை அறைந்தார்கள். அதைச் சண்டை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

பாறையிலிருந்து களத்துக்கு வரும் வழியிலேயே வேலையை முடித்துவிட்டேன். முதல் படத்தின் ஏழு சண்டையையும் பிடுங்கி இரண்டாவது படத்துக்குக் கொடுத்தேன். குடைக்காரனைத் துறைமுகத்துக்கு அனுப்பினேன். மூட்டை தூக்குகிறவனுக்குத் தாயைச் சாகடித்து, படம் முழுக்க அழவிட்டேன். அன்றைக்கு நான் நடித்த நடிப்பு பிறகு ஒருநாளும் எனக்கு வரவில்லை. இரும்புக் கம்பிக்குப் பதில் முறத்தைச் சுழற்றியதில் கொஞ்சம் கொட்டைகூடச் சிதறியது.

பெரியம்மா பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏழா கண்ணு? நல்லா எண்ணுனயா?"

"ஏழுங்க பெரியம்மா. கப்பல்ல மட்டுமே ரெண்டு."

"அந்த இன்னொண்ணுல?"

"ஒண்ணுகூட இல்லீங்க. ஒரே அழுகாச்சி."

பெரியப்பா சாக்கை உதறிக்கொண்டு எழுந்தார். அப்படின்னா அந்தக் கப்பல் சண்டைக்கே போங்க என்று அனுமதி கொடுத்துவிட்டார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகும்போது பெரியம்மா வழியில் நிறுத்தி இன்னொரு தடவை கேட்டாள். ஏழுதான் என்றேன். இத்தனை தடவை கேட்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா புதுச்சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒரு ஒயர்க்கூடை. ஜீப் முழுக்க நெய்யும் புளியும் வாட்டிய வாழையிலையும் கலந்த வாசம். ஜீப்பில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்று பெரியப்பாவிடம் சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் கூடையின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அவள் ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிவிட்டாள். மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இத்தனை பேருக்கு ஆக்கிவிட்டு ஒரு வாய் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று கோபமாக வந்தது.

புதுத் தியேட்டரில் சீருடை போட்ட ஒருவர் கூடையைத் தடுத்துவிட்டார். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். பழைய தியேட்டரில் அடுப்பையே தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் சோறுதானுங்க. நொம்ப நேரம் வெச்சிருக்க மாட்டமுங்க" என்று பெரியம்மா கெஞ்சினாள். அவர் கூடையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

நான் ஓடும் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கினேன். அது என் வகுப்புக்காரி சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. மேலிருந்து பார்க்கும்போதெல்லாம் பெரியம்மா வாசலைப் பார்த்தபடி கீழே நின்றிருந்தாள். படியைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்து, கடைசி நடையில் அவள் கையைப் பிடித்து நான்தான் ஏற்றிவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அங்கே சீட்டுக்கெல்லாம் எண் போட்டிருந்தது. பெரியம்மா தன் பக்கத்துச் சீட்டில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். சோளப்பொரியோடு வந்த ஒருவர் டிக்கெட்டைக் காட்டி அதில் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு இந்தப் பக்கம் நான். விளக்கு அணைந்தது, படம் ஓடியது. குடை ஓடியது, மழை ஓடியது, பாட்டு ஓடியது. எங்கள் வரிசைப் பெண்கள் எட்டி எட்டி என்னைப் பார்த்தார்கள். இடைவேளை வரை ஒரு கொசுவைக்கூட யாரும் அடிக்கவில்லை.

விளக்கு எரிந்ததும் பெரியம்மா என் பக்கம் குனிந்தாள்.

"சண்ட எப்பக் கண்ணு வரும்?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஊரின் அந்தக் கோடிதான் பழைய தியேட்டர். ஜீப் இருந்தது, மாமா இருந்தார், பாதிப் படம் மீதி இருந்தது. நான் சொன்னது இதுதான்:

"இனிமேத்தான் பெரியம்மா. மொத்தமா வரும்."

அவள் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களில் திரும்பப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுவது இந்த ஒன்றுதான்.

படம் விட்டதும் டோக்கனைக் கொடுத்துக் கூடையை வாங்கினாள். பனி இறங்குவதற்குள் மலையேற வேண்டும் என்று மாமா அவசரப்பட்டார்.

"சாமி, அந்தப் பழைய தேட்டர் வழியாப் போலாமா?" என்றாள்.

"எதுக்குங்க பெரியக்கா, அத்தன தொலவு சுத்திக்கிட்டு?"

"போலாம் சாமி."

மாமா முனகிக்கொண்டே திருப்பினார். பழைய தியேட்டர் வாசலில் அடுத்த காட்சிக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, ஆள் உயரத்துக்கு மூன்று பங்கு போஸ்டர். மூட்டை தூக்குகிறவன் கப்பல் மேல் நின்று இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டிருந்தான். கால்மாட்டில் ஏழெட்டுப் பேர் விழுந்து கிடந்தார்கள். அழுகிறவன் ஒருவன்கூட இல்லை. பெரியம்மா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிறகு போஸ்டரைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"போலாம்" என்றாள் மாமாவிடம்.

அக்கா அன்றைக்கு அந்தப் பழைய தியேட்டரில், பக்கத்துச் சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்துக்கொண்டு இடைவேளை வரை உட்கார்ந்திருந்தாளாம். பிறகு உள்ளே இருக்கப் பிடிக்காமல் வாசல் படியில் வந்து உட்கார்ந்தாளாம். படம் விட்டு எல்லோரும் போன பிறகுதான் பஸ் ஏறினாளாம். நாங்கள் போய்ச் சேர்வதற்குக் கால்மணி நேரம் முன்னால். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழுதாளாம். குழந்தை பிறந்து, அதன் முகத்தைப் பார்த்த பிறகு பெரியப்பாவின் சட்டம் தானாகவே கரைந்துபோனது. இன்றைக்கு அந்தப் பேரன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் கட்டுச்சோறு போனது போனதுதான். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அக்கா பிறகு கேட்டதற்கு, ஜீப்பு தேட்டர் மாறிப் போயிருச்சு கண்ணு என்று மட்டும் பெரியம்மா சொல்லியிருக்கிறாள். ஜீப்பை மாற்றியது யார் என்று சொல்லவில்லை. பெரியம்மா கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. நான் எழுதுவதை அக்கா வியாழக்கிழமைதோறும் விடாமல் படிக்கிறாள். இதையும் படிப்பாள்.

மலைப்பாதையில் பாதி ஏறியதும், குழாயில் தண்ணீர் வரும் ஒரு வளைவில் பெரியம்மா ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். இறங்கிக் கைகழுவிவிட்டுக் கூடையைத் திறந்தாள். சின்னச் சின்னதாக ஐந்து பொட்டலம். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு. எத்தனையோ பேர் இருக்கும் ஜீப்புக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பெரியம்மா மாமாவுக்குக் கையில் ஓர் உருண்டை கொடுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள், அல்லது முதுகில் ஒன்று வைக்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே போனேன்.

"வாயத் தொற சாமி" என்றாள்.

ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, எனக்கு ஊட்டிவிட்டாள். ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. போஸ்டரைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியில் என் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. மென்றுகொண்டே ஐந்து சோற்றையும் வரிசைப்படுத்தினேன். புளிச்சோற்றில் காரம் போதாது என்றேன். தேங்காய்ச் சோறு பரவாயில்லை என்றேன். முதலிடம் சர்க்கரைப் பொங்கலுக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லி, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன். பெரியம்மா இலையை வழித்து, கடைசி வாயையும் எனக்கே கொடுத்தாள்.